எழுதிக் கேட்கலாமா, டாக்டர்?

வைகை அணைப் பக்கம் குடியிருப்பவருக்கு க.விலக்கு தொலைவில்லை. ஆண்டிபட்டியிலிருந்து தேனி போகும் சாலையில், ஊர்க்காரர்கள் ‘கானா விலக்கு’ என்று சொல்லும் நிறுத்தத்தில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆனால் அதே மருத்துவமனையை நம்பியிருக்கும் வருசநாட்டுக்காரருக்கும், கம்பம் மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போய்வரும் தொழிலாளிக்கும் கணக்கு வேறு. சர்க்கரை மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது. நிறுத்தலாமா, சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுப் பார்க்கலாமா? இந்த ஒரு கேள்விக்கு விடிகாலை பஸ், ஓ.பி. சீட்டு, வரிசை, கடைச் சாப்பாடு, திரும்பும் பஸ், போன ஒரு நாள் கூலி. டாக்டர் பதில் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகாது. அதனால் பலர் கேட்பதே இல்லை. மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட்டு, சர்க்கரை ஏறி, காலில் புண் வந்த பிறகுதான் போகிறார்கள்.

இந்தக் கேள்வியை எழுதி அனுப்பினால் என்ன என்பது புதிய யோசனை அல்ல. 18ஆம் நூற்றாண்டில் எடின்பரோவில் இருந்த வில்லியம் கல்லென் என்ற மருத்துவர், தம்மால் நேரில் பார்க்க முடியாத நோயாளிகளுக்குத் தபாலிலேயே வைத்தியம் சொன்னார். அப்படி வந்த கடிதங்களும் அவர் எழுதிய பதில்களும் ஆயிரக்கணக்கில் இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. ஜேம்ஸ் வாட் கண்டுபிடித்த நகலெடுக்கும் கருவியை 1781இல் வாங்கி, தாம் எழுதிய ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டார் கல்லென். இந்தப் பிரதி விஷயத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் ஊர் டாக்டர்களின் செல்போனைப் பற்றிப் பேசும்போது அது தேவைப்படும். தமிழிலும் இந்த வழக்கம் உண்டு. வாரப் பத்திரிகைகளின் மருத்துவக் கேள்வி பதில் பகுதிகளுக்கு, வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாததையெல்லாம் பெயர் போடாமல் எழுதி அனுப்பிய தலைமுறைகள் இருந்தன. எதிரில் முகம் இல்லாதபோது நோயாளி கூடுதலாகப் பேசுகிறார் என்பது அந்தப் பகுதிகளை நடத்திய ஆசிரியர்களுக்கு நன்றாகவே தெரியும்.

ஈமெயில் வந்தபோது மேல்நாட்டு மருத்துவர்கள் இந்தக் கேள்வியை மறுபடி கையில் எடுத்தார்கள். 1998இல் இரண்டு காரியங்கள் நடந்தன. அமெரிக்க மருத்துவத் தகவலியல் சங்கம், நோயாளியோடு ஈமெயிலில் பேசும் டாக்டருக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. அவசரமான எதையும் ஈமெயிலில் அனுப்பாதே என்று நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பதில் வர எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல வேண்டும். டாக்டரைத் தவிர வேறு யார் அதைப் படிப்பார்கள் என்றும் சொல்ல வேண்டும். கடிதத்தின் தலைப்பில் விஷயம் என்னவென்று இருக்க வேண்டும், உள்ளே பெயரும் நோயாளி எண்ணும் இருக்க வேண்டும், கடைசியில் அந்தக் கடிதத்தின் பிரதி நோயாளியின் கோப்பில் சேர வேண்டும். கால் நூற்றாண்டு கழிந்தும் இந்தப் பட்டியலில் நீக்க வேண்டியது என்று எதுவும் எனக்குத் தென்படவில்லை.

அதே ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த குந்தர் ஐசன்பாக்கும் தாமஸ் தீப்கனும் ஒரு சோதனை செய்தார்கள். தோலில் திடீரென்று கொப்புளம் கிளம்பிய நோயாளி எழுதுவது போல ஒரு கற்பனைக் கடிதத்தைத் தோல் நோய் இணையதளங்களுக்கு அனுப்பினார்கள். கடிதத்தில் இருந்த விவரம் ஆபத்தானது, உடனே டாக்டரைப் பார்த்தாக வேண்டிய ரகம். பாதிப் பேர் பதிலே போடவில்லை. பதில் போட்டவர்களில் பெரும்பாலோர் நேரில் போய் டாக்டரைப் பார் என்றார்கள். அந்தப் பாதிப் பேரின் மௌனம்தான் எழுதிக் கேட்பதில் இருக்கும் பெரிய ஆபத்து. கதவைத் தட்டித் திறக்கவில்லை என்றால் வேறு கதவைத் தேடிப் போவோம். எழுதிப் போட்டுவிட்டால் பதில் வரும் வரும் என்று காத்திருப்போம்.

எழுதிக் கேட்பதால் பலன் உண்டா? அமெரிக்காவின் கைசர் பெர்மனன்டே நிறுவனம், சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ உள்ள 35,423 பேரின் விவரங்களை வைத்து 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. டாக்டரோடு பாதுகாப்பான ஈமெயிலில் பேசியவர்களுக்குச் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தக் கட்டுப்பாடு 2 முதல் 6.5 சதவீதப் புள்ளிகள் வரை மேம்பட்டிருந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டாக்டருக்கு எழுதுகிற பழக்கம் உள்ளவர், பொதுவாகவே உடம்பில் அக்கறை உள்ளவராக இருப்பார். அக்கறையின் பலனை ஈமெயிலின் கணக்கில் எழுதிவிடும் அபாயம் இந்த மாதிரி ஆய்வுகளில் எப்போதும் உண்டு. 2012இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு, முறையான சோதனைகளை மட்டும் எடுத்துப் பார்த்தது. மொத்தம் ஒன்பது சோதனைகள், 1,733 நோயாளிகள். இதை வைத்து நல்லது என்றும் சொல்ல முடியாது, கெட்டது என்றும் சொல்ல முடியாது என்று முடித்துவிட்டது. ஈமெயில் வந்தால் ஆஸ்பத்திரிக் கூட்டம் குறையும் என்ற நம்பிக்கைக்கும் அடி விழுந்தது. குறைந்ததாக 2007இல் ஓர் ஆய்வு. இணைய வசதி பெற்றவர்கள் முன்னைவிட அதிகமாக டாக்டரிடம் வந்தார்கள் என்று 2012இல் இன்னோர் ஆய்வு. இரண்டும் அதே கைசரில் நடந்தவை.

ஆய்வுகள் இழுபறியாக இருக்க, நடைமுறை முந்திக்கொண்டது. டென்மார்க்கில் 2009 முதல் ஒவ்வொரு குடும்ப டாக்டரும் ஈமெயிலில் ஆலோசனை தர வேண்டும் என்பது கட்டாயம். எழுதும் பதிலுக்கு அரசு கட்டணம் தருகிறது. அமெரிக்காவில் கோவிட் காலத்தில் நோயாளிகளின் செய்திகள் ஒன்றரை மடங்குக்கு மேல் பெருகின. பகல் முழுக்க நோயாளி பார்த்துவிட்டு இரவில் இன்பாக்ஸோடு மல்லுக்கட்டுவதாக டாக்டர்கள் புலம்பினார்கள். 2022 நவம்பரில் கிளீவ்லாண்ட் கிளினிக், நேரம் பிடிக்கும் பதில்களுக்கு 50 டாலர் வரை கட்டணம் வைத்தது. இங்கிலாந்தில் 2025 அக்டோபர் முதல், ஆன்லைனில் ஆலோசனை கேட்கும் வசதியை வேலை நேரம் முழுக்கத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று குடும்ப டாக்டர்களுக்கு உத்தரவு. அங்குள்ள மருத்துவர் சங்கம் அதை எதிர்த்து மல்லுக்கு நின்றது. மூன்று நாட்டுக் கதைகளிலும் ஊடே ஓடுவது ஒரே விஷயம்: பதில் எழுதுவது வேலை. அந்த வேலைக்கு யார் நேரம் ஒதுக்குவது, யார் கூலி கொடுப்பது?

இனி நம் கம்பம் பள்ளத்தாக்குக்கு வருவோம்.

இங்கே ஈமெயிலைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். ஆண்ட்ராய்டு போன் வாங்கிய எல்லோருக்கும் ஒரு ஜிமெயில் முகவரி இருக்கிறது என்பது உண்மைதான். அதைப் போட்டுக் கொடுத்தவர் செல்போன் கடைப் பையன். பாஸ்வேர்டு அவருக்கே மறந்து போயிருக்கும். கம்பத்திலோ சின்னமனூரிலோ ஒரு நோயாளி டாக்டருக்கு எழுதுகிறார் என்றால் அது வாட்ஸ்அப்தான். ஈமெயில் அனுப்புபவர் பெரும்பாலும் நோயாளியே அல்ல. பெங்களூரிலோ துபாயிலோ வேலை பார்க்கும் மகன், ஊரில் இருக்கும் அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டை மதுரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் கேட்பதுதான் இந்தப் பகுதியின் ஈமெயில் மருத்துவம். ஆகவே ஈமெயிலா வாட்ஸ்அப்பா என்ற சண்டையில் எனக்கு அக்கறை இல்லை. நோயாளி எழுதி அனுப்புகிறார், டாக்டர் தமக்கு நேரம் கிடைக்கும்போது படிக்கிறார் என்பதுதான் விஷயத்தின் உயிர். எந்தக் கம்பி வழியாகப் போகிறது என்பது இரண்டாம் பட்சம்.

வாட்ஸ்அப்பில் இது எப்படி நடக்கிறது? மாலை நேர கிளினிக்கில் டாக்டர் தம் நம்பரைக் கொடுக்கிறார், அல்லது கம்பவுண்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். “ரிப்போர்ட் வந்ததும் வாட்ஸ்அப்ல போட்டு விடுங்க” என்று சொல்லி அனுப்புகிறார். அன்றைக்குத் தொடங்கும் தொடர்புக்கு முடிவு கிடையாது. ரோஜாப்பூ போட்ட குட்மார்னிங் படங்களுக்கு நடுவே ஒரு இ.சி.ஜி. கிடக்கிறது. “சார் சுகர் 280 இருக்கு” என்று ஒரு வரி வருகிறது. யாருடைய சர்க்கரை, வெறும் வயிற்றிலா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், ஒன்றும் இல்லை. நம்பர் மருமகனுடையது, நோயாளி மாமியார். ராத்திரி பதினொரு மணிக்குப் பிள்ளையின் முதுகில் வந்த தடிப்பை மங்கலான வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுகிறார்கள். டாக்டர் அதைத் திறந்து பார்த்துவிட்டுத் தூங்கிப் போனால், மறுநாள் ஊரில் பேச்சு: “ப்ளூ டிக் வந்திருச்சு, டாக்டரம்மா ஒரு பதில் போடல.” கட்டணம் இல்லை, நேர வரையறை இல்லை. போன் பழுதானால் எல்லாம் போச்சு. கல்லென் 1781இல் எடுத்து வைத்த பிரதி, 2020களின் தேனியில் இல்லை.

இதில் டாக்டர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. பலர் இதை ஓர் உதவியாகவே, சம்பளத்துக்கும் கடமைக்கும் வெளியே நின்று செய்கிறார்கள். அதனால் தவிர்க்கப்பட்ட பயணங்களும் பிழைத்த உயிர்களும் உண்டு. ஆனால் ஒருவருடைய நல்ல மனசை மட்டும் நம்பி நிற்கும் ஏற்பாடு, அவர் மாற்றலாகிப் போன அன்றைக்கே முடிந்துவிடும்.

சட்டம் இதைப் பற்றி வெகுகாலம் முணுமுணுப்பாகவே பேசியது. 2009 பிப்ரவரியில் மார்ட்டின் டிசூசா வழக்கில் உச்ச நீதிமன்றம், நோயாளியைப் பரிசோதிக்காமல் மருந்து எழுதுவதும் அவசரம் இல்லாத நேரத்தில் போனிலேயே மருந்து சொல்வதும் தவிர்க்கப்பட வேண்டும் என்றது. 2018 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம், டாக்டர் நேரில் இல்லாமல் போனில் சொன்ன மருந்தைத் தொடர்ந்து பிரசவித்த பெண் இறந்துபோன வழக்கில், மருத்துவத் தம்பதிக்கு முன்ஜாமீன் மறுத்தது. அந்தச் செய்தி வந்த பிறகு, எழுத்தில் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற பயம் டாக்டர்களிடம் கூடியது. பயத்தின் விளைவு விபரீதமானது. போனில் பேசுவது நிற்கவில்லை. பேசியதற்கான தடயம் வைக்காமல் இருப்பதுதான் வழக்கமானது.

2020 மார்ச் 25, ஊரடங்கின் முதல் நாள், தொலைமருத்துவ வழிகாட்டுதல்களை மத்திய அரசு வெளியிட்டது. 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளில் பின்னிணைப்பாக அது சேர்ந்தது. வீடியோ, ஆடியோ, எழுத்து என்று மூன்று வழிகளையும் அது ஏற்றுக்கொண்டது. எழுத்து வழியில் சாட், வாட்ஸ்அப், ஈமெயில், பேக்ஸ் எல்லாமே அடக்கம். நோயாளி தாமாகக் கேட்டு எழுதினால் அவர் சம்மதம் தந்ததாகவே கொள்ளலாம். நேரில் பார்த்த ஆறு மாதத்துக்குள், அதே நோய்க்காக எழுதினால் அது தொடர் ஆலோசனை. அதற்கு டாக்டருக்குக் கூடுதல் சுதந்திரம் உண்டு. மருந்துகளைப் பட்டியல் போட்டுப் பிரித்தார்கள்: எந்த வழியிலும் எழுதக்கூடியவை, வீடியோவில் பார்த்தால் மட்டும் முதல் முறையே எழுதக்கூடியவை, தொடர் சிகிச்சையில் மட்டும் சேர்க்கக்கூடியவை. போதை தரும் மருந்துகளை எந்த வழியிலும் எழுத முடியாது. கையெழுத்திட்ட மருந்துச் சீட்டைப் படமாகவோ ஸ்கேன் செய்தோ ஈமெயிலில் அனுப்பலாம். பதிவு பெற்ற டாக்டர் இந்தியாவின் எந்த மாநில நோயாளிக்கும் ஆலோசனை சொல்லலாம். அவசரம் என்றால் கோட்டயத்துக்குப் போய்ப் பழக்கப்பட்ட கம்பம், கூடலூர்க்காரர்களுக்கு இந்தக் கடைசி வரி சாதாரணமானதல்ல. மலை தாண்டி ஒருமுறை பார்த்த கேரள டாக்டரிடம் மறுமுறை எழுதிக் கேட்கச் சட்டப்படி தடை இல்லை.

நல்ல ஆவணம்தான். டாக்டருக்கு அனுமதி கொடுத்தது, வேண்டாம் என்று மறுக்கும் உரிமையும் கொடுத்தது. ஆனால் எழுதியவருக்கு எத்தனை மணி நேரத்தில் பதில் வர வேண்டும் என்பதை அது சொல்லவில்லை. அமெரிக்கச் சங்கம் 1998இல் முதல் வரிசையில் வைத்த விஷயம் இது. பதிவேடுகளைப் பற்றி 2002 விதிகளே தெளிவாக இருக்கின்றன: மருத்துவப் பதிவுகளை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும். சொந்த போனில், ஏழு நாளில் தானே அழியும்படி வைத்த சாட்டில் இந்த விதி எப்படி நிறைவேறும்? அதோடு 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. டாக்டரின் பேரன் கேம் விளையாடும் போனிலேயே நூறு பேருடைய ஸ்கேன் ரிப்போர்ட்டும் இருக்கலாமா என்ற கேள்வியை இனித் தள்ளிப்போட முடியாது.

அரசு நடத்தும் இ-சஞ்சீவனி இந்தக் குறையைத் தீர்க்குமே என்று சிலர் கேட்கலாம். 2020 ஏப்ரலில் வீட்டிலிருந்தே டாக்டரைப் பார்க்கும் சேவையாக அது விரிந்தபோது, அதை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. டோக்கன் எடுத்து, வரிசையில் இருந்து, திரையில் டாக்டரைப் பார்க்கலாம். ஆனால் அங்கே வருபவர் உங்கள் டாக்டர் அல்ல. போன மாதம் உங்கள் வயிற்றை அமுக்கிப் பார்த்தவர் அல்ல. தவிர, அது அந்த நிமிடமே பேசியாக வேண்டிய ஏற்பாடு. மேகமலை எஸ்டேட்டிலோ குரங்கணிக்கு மேலே உள்ள ஊர்களிலோ சிக்னல் வந்து வந்து போகும் இடத்தில் வீடியோ நிற்காது. எழுதி வைத்த நாலு வரி, சிக்னல் கிடைத்த நேரத்தில் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும். மலைக்காட்டுக்கு எழுத்துதான் தோது.

தேனி மாவட்டத்துக்கு இந்த விஷயத்தில் உலகம் அறிந்த ஒரு வரலாறு உண்டு. உள்ளூரில் பலருக்கு அது தெரியாது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1985இல் தேனியில் கிளை திறந்தது. 2004ஐ ஒட்டி, சின்ன ஊர்களில் விஷன் சென்டர் எனப்படும் கண் பரிசோதனை மையங்களை அது தொடங்கியது. போடி, சின்னமனூர், பெரியகுளம், ஆண்டிபட்டி, அம்பாசமுத்திரம் (நெல்லைச் சீமை அம்பை இல்லை, தேனிப் பக்கத்து அம்பாசமுத்திரம்) ஆகிய ஊர் மையங்கள் தேனி மருத்துவமனையோடு இணைக்கப்பட்டன. அப்போது இந்த ஊர்களில் நம்பகமான இணையம் கிடையாது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், வீட்டில் நாம் வைத்திருக்கும் வைஃபை சாதனத்தையே மாற்றியமைத்து நெடுந்தூரத்துக்கு எறிந்தார்கள். 11 ரூட்டர்கள், ஒன்பது இணைப்புகள். மிகக் குறைந்த தூரம் ஒரு கிலோமீட்டர், அதிகபட்சம் 15. கோபுரங்கள் 24 முதல் 42 மீட்டர் உயரம். ஆண்டிபட்டியில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் கண்ணைத் தேனியில் இருக்கும் டாக்டர் பார்த்துப் பேச இது போதுமானதாக இருந்தது.

2008இல் அந்த ஆராய்ச்சியாளர்கள் எழுதிய கட்டுரை, பெருமை பேசுவதற்குப் பதில் பட்ட பாட்டைச் சொன்னது. கருவிகளைக் கொன்றது தூரம் அல்ல, மின்சாரம். வோல்டேஜ் ஏறி இறங்கியதில் ரூட்டர்கள் கருகின, பேட்டரிகள் செத்தன. இணைப்பு அறுந்தால் எங்கே அறுந்தது என்று உள்ளூர் ஊழியர்களுக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. ஊழியர்களைப் பழக்கி, பராமரிப்பை அவர்கள் கையில் கொடுத்த பிறகே அந்த வலைப்பின்னல் நிலைத்தது.

அந்தக் கதையில் தொழில்நுட்பத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது நடுவில் இருந்த பெண். அரவிந்தில் பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து, இரண்டாண்டு பயிற்சி கொடுத்து, கண் பரிசோதனை உதவியாளர் ஆக்குகிறார்கள். விஷன் சென்டரில் நோயாளி சொல்வதைக் கேட்பவர் அவர். பார்வையை அளந்து, ஸ்லிட் லேம்ப்பில் பார்த்து, விவரத்தைப் பதிந்து டாக்டருக்கு அனுப்புபவரும் அவரே. டாக்டர் கடைசியில் சில நிமிடம் நோயாளியோடு பேசுகிறார். “கண்ணு உறுத்துது” என்ற புகார், டாக்டரை எட்டும்போது அளவுகளோடு ஒழுங்கான ஒரு மருத்துவக் குறிப்பாக மாறியிருக்கும். டாக்டர் சொன்னது திரும்பி வரும்போது பாட்டிக்குப் புரியும் பேச்சாக மாறியிருக்கும். தூரத்து வைத்தியம் தேனியில் வெற்றி பெற்றது இந்த இரண்டு மாற்றங்களால்தான் என்பது என் முடிவு. வாட்ஸ்அப்பில் இல்லாமல் போனதும் இந்த ஆள்தான். “சுகர் 280” என்ற வரியைப் பிடித்து, யாருக்கு, எப்போது, என்ன மாத்திரை என்று கேட்டு நிரப்ப அங்கே ஒருவர் இல்லை.

இப்போது அந்த இடத்தில் மெஷின் வந்து உட்காரப் பார்க்கிறது. இணையத்தில் பொதுமக்கள் கேட்ட 195 மருத்துவக் கேள்விகளுக்கு டாக்டர்கள் எழுதிய பதிலையும் சாட்ஜிபிடி எழுதிய பதிலையும் பெயர் மறைத்து ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2023இல் வெளியானது. மதிப்பிட்டவர்கள் நூற்றுக்கு 78க்கும் மேற்பட்ட தடவை மெஷினின் பதிலையே தேர்ந்தெடுத்தார்கள். அதில் கனிவு கூடுதல் என்றும் சொன்னார்கள். டாக்டர்களின் பதில் சராசரி 52 வார்த்தை, மெஷினின் பதில் 211 வார்த்தை. கனிவு காட்ட நேரம் வேண்டும், மெஷினுக்கு நேரம் கணக்கில்லை. ஆனால் இந்திய வழிகாட்டுதல்களின்படி செயற்கை நுண்ணறிவு நோயாளிக்கு நேரடியாக ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது, டாக்டருக்கு உதவலாம். இந்தக் கோடு சரியான இடத்தில்தான் போடப்பட்டிருக்கிறது. பதிலை நாகரிகமாக எழுத மெஷின் உதவட்டும். பாட்டி பூச்சிமருந்து அடித்த திராட்சைத் தோட்டத்தில் நேற்று வேலை பார்த்தார் என்பது அதற்குத் தெரியாது. தெருவில் இருக்கும் பெண்ணுக்குத் தெரியும்.

அந்தப் பெண் ஏற்கெனவே தெருவில்தான் இருக்கிறார். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். நோயாளியின் பெயர், வயது, மருந்து, கடைசி அளவு எல்லாம் அவர்கள் பதிவில் உண்டு. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்ற கேள்வியைத் தன்னார்வலர் எழுதி அனுப்பி, மருத்துவமனையில் ஒரு செவிலியர் அதைப் படித்துப் பிரித்து, டாக்டர் மதியம் அரை மணி நேரம் உட்கார்ந்து பதில் போட்டால், பள்ளத்தாக்கில் எத்தனை பஸ் பயணம் மிச்சம்! இதற்குப் புதிய செயலி வேண்டாம். மருத்துவமனைக்குச் சொந்தமான ஒரு எண் அல்லது முகவரி, அதைப் பார்ப்பதையே வேலையாகக் கொண்ட ஒரு செவிலியர், பதிவேட்டில் ஏறும் ஒரு பிரதி, இவ்வளவு போதும். தமிழில் எழுதத் தெரியாதவர் குரலில் பேசி அனுப்பட்டும். அதையும் அந்தச் செவிலியர் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

பிரிப்பது எப்படி என்பதற்கு இந்த ஊரிலேயே முன்மாதிரி இருக்கிறது. வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. 66 அடி வந்ததும் கரையோர மக்களுக்கு முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. எந்த மட்டத்தில் யார் என்ன செய்ய வேண்டும் என்று முன்பே தெரியும். 69 அடி ஆகிவிட்ட பிறகு ஒருவரும் கூடிப் பேசி முடிவெடுப்பதில்லை. வருகிற செய்திகளுக்கும் இப்படி மட்டம் வேண்டும். மாத்திரை நேரம், அடுத்த தேதி, ரிப்போர்ட் சரியா என்பதற்குச் செவிலியரே பதில் சொல்லிவிடலாம். சர்க்கரை ஏறுகிறது, புண் ஆறவில்லை, மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அன்றே டாக்டர் பார்வைக்குப் போக வேண்டும். அதற்கு மேல் உள்ளதற்குப் பதில் எழுதவே கூடாது. போன் போட்டு ஆளை வரச் சொல்ல வேண்டும்.

இதில் எனக்குத் தீராத ஒரு சந்தேகம் பெண்களைப் பற்றியது. பல வீடுகளில் ஸ்மார்ட்போன் ஒன்றுதான். அது கணவர் பையிலோ பிள்ளை கையிலோ இருக்கும். மாதவிடாய்க் கோளாறு, வெள்ளைப்படுதல், கருத்தடை என்று எழுதியதற்கு வரும் பதிலை முதலில் படிப்பவர் எழுதிய பெண்ணாக இருக்கமாட்டார். பக்கத்துத் தெருத் தன்னார்வலரிடம் சொல்வதிலும் அதே கூச்சம் உண்டு. சின்ன ஊரில் ரகசியத்துக்கு ஆயுள் குறைவு. இதற்கு எழுத்து வழி தீர்வாகாது. பெண் டாக்டர் இருக்கும் நாளில் நேரில் வருவதே நல்லது. ‘உங்கள் பதில் தயார், எங்களைக் கூப்பிடுங்கள்’ என்று மட்டும் போனுக்கு அனுப்பிவிட்டு, விவரத்தை அவரே கூப்பிடும்போது சொல்லும் முறை ஓரளவு உதவலாம்.

கட்டணம் என்றதும் நம்மவர்களுக்கு முகம் சுளிக்கும். அரசு மருத்துவமனையில் அந்தப் பேச்சே இல்லை. அங்கே வேண்டியது டாக்டரின் பணி நேரத்தில் அரை மணியை இதற்கென்று கணக்கில் எழுதுவது. தனியார் டாக்டர் வாங்கலாம், வாங்கத்தான் வேண்டும். வழிகாட்டுதல்களும் அதை அனுமதிக்கின்றன. பதிலுக்கு ஐம்பது ரூபாயோ நூறு ரூபாயோ கொடுத்தவர் குட்மார்னிங் படம் அனுப்பமாட்டார். வாங்கியவரும் ப்ளூ டிக்கோடு தூங்கிப் போகமாட்டார்.

க.விலக்கு மருத்துவமனையும் பெரியகுளம் தலைமை மருத்துவமனையும் இதை ஒரே ஒரு பிரிவில், சர்க்கரை நோய் ஓ.பி.யில், ஆறு மாதம் நடத்திப் பார்க்கலாம். ஓ.பி. சீட்டின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. எழுத வேண்டிய எண், பதில் வரும் நேரம், எதை எழுதக் கூடாது என்ற மூன்றையும் அங்கே அச்சடித்துவிடலாம்.

அதுவரை டாக்டரின் சொந்த நம்பருக்கே எழுதப் போகிறவர்களுக்கு: நோயாளியின் பெயர், வயது, ஓ.பி. எண், கடைசியாகப் பார்த்த தேதி, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைப் படம், பிறகு கேள்வி, இவ்வளவும் ஒரே செய்தியில் இருக்கட்டும். ஒரு நாளில் பதில் வராவிட்டால் நேரில் போய்விடுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பாம்புக்கடி, பூச்சிமருந்து உள்ளே போனது, பிள்ளைக்கு வலிப்பு என்றால் யாருக்கும் எழுதிக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.